இந்த வாரத் தலைப்பு: நீலம்

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிப் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு என்று போய்க்கொண்டேயிருந்தால் தார்வீதி ஓரிடத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றுவிடும். அதுதான் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கு அங்கிருந்து வள்ளத்தில் இருபது நிமிடம்; நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். அங்கே கமராவோடு ஒருவர் நிற்கிறார் என்றும், அவருடைய இந்த வாரத் தலைப்பு ‘நீலம்’ என்றும் வைத்துக்கொள்வோம். பாவம், திண்டாடிப்போவார். கடல் நீலம், வானம் நீலம், வள்ளத்தின் அணியம் நீலம், மீன்பெட்டி நீலம், மூட்டைகளை மூடிய தறப்பாள் நீலம், பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலும் நீலம். எதைப் பிடிப்பது என்பது அவருக்குச் சிக்கல் இல்லை. எதை விடுவது என்பதுதான்.

வாரத்துக்கு ஒரு தலைப்பு என்பது இன்று ஒளிப்படப் பிரியர்கள் ஊர் ஊராக ஆடும் ஆட்டம். வருடத்துக்கு 52 வாரம், 52 தலைப்பு: கதவு, நிழல், தண்ணீர், கை, தனிமை, சிவப்பு. பெரும்பாலும் பரிசு கிடையாது. நாலு பேர் பார்த்து ‘நல்லாயிருக்கு’ என்றால் அதுவே சன்மானம். ‘மேக்ரோ மன்டேஸ்’ என்ற குழுவில் திங்கட்கிழமைதோறும் ஒரு தலைப்பு. படத்துக்குள் அடங்கும் காட்சி 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். தீப்பெட்டியும் ஊசியும் பட்டனும் அங்கே கதாநாயகர்கள். இன்ஸ்டகிராம் நிறுவனமே வெள்ளிக்கிழமையில் ஒரு தலைப்பை அறிவித்து, சனி ஞாயிறில் எடுத்தவற்றில் சிலதைத் திங்களன்று பாராட்டிக் காட்டிய காலம் ஒன்று உண்டு. தமிழிலும் இது புதிதல்ல. 2007இல் தொடங்கிய ‘தமிழில் புகைப்படக்கலை’ குழு மாதம் ஒரு தலைப்பாகப் போட்டி வைத்தது. ‘சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்’ குழுவினர் வார இறுதிக் காலைகளில் கமராவும் கையுமாகத் தெருத் தெருவாக நடந்தார்கள்.

பொழுதுபோக்குத்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசானதல்ல. ஒரு மனிதர் ஏழு நாள் ஒரே ஒரு சொல்லை மனதில் போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்க்கிறார். அந்த ஏழு நாளில் அவர் கூடுதலாகக் காண்கிறாரா, குறைவாகவா? கமரா உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமயங்கள் இந்தக் கேள்வியில் கைவைத்துவிட்டன.

தீவுப்பகுதிச் சைவ வீடுகளுக்கு வாரக் கட்டுப்பாடு என்பது பழகிய சங்கதி. வெள்ளிக்கிழமை என்றால் மச்சம் இல்லை. நாலு பக்கமும் கடல், ஒழுங்கையில் யாரோ கருவாடு காயப்போட்டிருப்பார்கள், ஆனாலும் அன்றைக்கு அடுப்பில் மரக்கறிதான். அன்றைக்குத்தான் பக்கத்து வளவின் மீன்குழம்பு வாசம் இரண்டு மடங்காக வரும் என்பது விரதம் பிடித்த எல்லாருக்கும் தெரியும். ஒளிப்படக்காரரின் தலைப்பு, விரதத்தைத் தலைகீழாகப் போட்டது: ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்குவது. அதற்கு நெருங்கிய உறவு சமையலறையில் இல்லை, அனுராதபுரத்தில் இருக்கிறது.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் பாளியில் எழுதிய நூல் விசுத்திமக்கம். தியானத்தில் மனதைக் கட்டிவைக்க அது 40 பொருள்களைச் சொல்கிறது. முதல் பத்துக்குக் ‘கசிணம்’ என்று பெயர். மண், நீர், நெருப்பு, காற்று, நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஒளி, எல்லை கட்டிய வெளி. இந்தப் பட்டியலை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் ஓர் ஒளிப்படக் குழுவிடம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த பத்து வாரத்துக்குக் கவலை விட்டது என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மண் கசிணத்துக்குப் புத்தகோசர் தரும் செய்முறை, பாத்திரம் வனைபவருக்குச் சொல்வதுபோல அத்தனை துல்லியம். நீலமோ மஞ்சளோ சிவப்போ வெள்ளையோ கலவாத, விடியற்கால வானத்தின் நிறத்தில் மண் எடுக்க வேண்டும். புல்லும் வேரும் கல்லும் மணலும் நீக்கிப் பிசைந்து, ஒரு சாணும் நான்கு விரலும் அகலமான வட்டமாகப் பூசி, தேய்த்து மட்டமாக்க வேண்டும். இரண்டரை முழம் தள்ளி, ஒரு சாணும் நான்கு விரலும் உயரமான இருக்கையில் உட்கார வேண்டும். இன்னும் தள்ளிப்போனால் வட்டம் தெளிவாகத் தெரியாது. கிட்டே வந்தால் அதிலுள்ள பழுதுகள் தெரியும். இருக்கை உயர்ந்தால் கழுத்தைக் குனிய வேண்டிவரும். தாழ்ந்தால் முழங்கால் நோகும். கண்ணை அகலத் திறக்கவும் கூடாது, இடுக்கவும் கூடாது. குவியத் தூரம், முக்காலியின் உயரம், லென்ஸின் அப்பர்ச்சர் என்று இன்றைக்குக் கமரா வகுப்பில் காசு கட்டிப் படிக்கும் மூன்றையும் மனிதர் வெறுங்கண்ணுக்கே சொல்லிவிட்டார்.

இப்படிப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் வட்டம் அப்படியே தெரியும் நிலை வரும். அதில் மண்ணைப் பூசிய விரலின் தடம்கூடத் தெரியும். பயிற்சி முற்றும்போது இன்னொன்று அதைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்: தடமில்லாத, பழுதில்லாத, உறையிலிருந்து உருவிய கண்ணாடிபோலத் துலங்கும் வட்டம். முதலாவதை உக்கக நிமித்தம் என்றும் இரண்டாவதைப் படிபாக நிமித்தம் என்றும் சொல்வார்கள். யோகி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு மண்ணை விட்டுவிடுகிறார். அவருக்கு அது மேலே ஏறும் படி.

ஒளிப்படக்காரர் பிரிந்துபோகும் சந்தி இதுதான். அவருக்கு வேண்டியது அந்த விரல்தடம். நீலம் என்ற தூய நிறத்தைப் பிடிக்க எவரும் குறிகட்டுவானுக்கு வரத் தேவையில்லை. பெயின்ட் கடையின் வண்ண அட்டை போதும். பூச்சு உரிந்து உள்ளேயிருக்கும் பழைய பச்சை எட்டிப்பார்க்கிற, உப்பு பூத்த, வடக்கயிறு தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் மழுங்கிப்போன இந்த வள்ளத்தின் நீலம் வேறு எங்கேயும் கிடைக்காது. தலைப்பு அவரை அந்தத் தேய்மானம்வரை கூட்டிக்கொண்டு போனால் நல்லது. நீலம் கிடைத்தாயிற்று என்று அங்கேயே நிறுத்திவிட்டால், அவர் படம் எடுத்தது வள்ளத்தை அல்ல, அந்தச் சொல்லை.

தலைப்பு ஆளை விழுங்குவதற்கும் அதே நூலில் ஒரு கதை இருக்கிறது. சேதியபர்வதத்தில், அதாவது இன்றைய மிகிந்தலையில், மகாதிஸ்ஸர் என்றொரு தேரர் இருந்தார். உடலின் அசுத்தத்தை நினைப்பது அவர் எடுத்துக்கொண்ட பயிற்சி. ஒருநாள் பிச்சைக்காக அனுராதபுரம் நோக்கி நடக்கிறார். கணவனோடு சண்டை பிடித்துக்கொண்டு, நன்றாக உடுத்திச் சிங்காரித்துக்கொண்டு, தாய்வீட்டு உறவுகளிடம் போகிற ஒரு பெண் எதிரே வருகிறாள். தேரரைக் கண்டு பெரிதாகச் சிரிக்கிறாள். என்ன சத்தம் என்று நிமிர்ந்தவர் கண்ணில் பட்டது பற்கள். பல் என்றால் எலும்பு. எலும்பு அவருடைய தலைப்பு. நின்ற இடத்திலேயே அருகத நிலை அடைந்தார் என்கிறது நூல். பின்னாலேயே தேடிக்கொண்டு வந்த கணவன், இந்தப் பக்கம் ஒரு பெண் போனாளா என்று கேட்கிறான். போனது ஆணா பெண்ணா தெரியாது, ஓர் எலும்புக்கூடு இந்த வழியால் போகிறது என்ற கருத்தில் பதில் வருகிறது.

தேரரின் விடுதலையைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆனாலும் கதையைப் படித்து முடித்த பிறகு மனதில் நிற்பது அந்தப் பெண்தான். அவள் ஏன் சிரித்தாள்? சண்டை எதைப் பற்றி? போய்ச் சேர்ந்தாளா? தெரியாது. அவள் ஒரு தலைப்புக்குப் பொருத்தமான உதாரணமாக வந்து, பல் மட்டும் தெரிந்து, போய்விட்டாள். தேரருக்கு அது வீடுபேறு. வாரப் போட்டிக்காரருக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. அவர் எலும்பைக் கண்டதோடு வீட்டுக்குத் திரும்பி, படத்தைப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் ‘சிரிப்பு’ என்று கிளம்புகிறவர்.

ஒரே தலைப்பைச் சொந்தமாக வைத்துக்கொண்டு ஆழம் போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய படங்களின் வலிமை, எதிரே உட்கார்ந்தவர்களை அவர் வசியம் செய்வதால் வருகிறது என்று ஒருவர் எழுதினாராம். வசியத்துக்குப் படியாத ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன் என்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். ஒரு வாரமல்ல, சுமார் பத்து வருடம். அந்த ஸ்டீக்லிட்ஸின் 27 படங்களை 1924இல் பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்துக்குள் கொண்டுவந்தவர் ஆனந்த குமாரசுவாமி, யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பத்தில் 1877இல் பிறந்தவர். ஒளிப்படம் ஒரு கலைதானா என்று பெரிய காட்சியகங்கள் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. குமாரசுவாமியோ கீழைச் சிற்பி முதலில் தியானத்தில் உருவைக் கண்டு, பிறகுதான் உளியைத் தொடுகிறான் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். உள்ளே கண்டதை வெளியே செய்வது சிற்பம். வெளியே கிடப்பதை அள்ளுவது ஒளிப்படம். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்க அவருக்கு எப்படி மனம் வந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். தலைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் கட்டிய ஒரு சின்னப் பாலம் என்றுதான் தோன்றுகிறது. அள்ளப் போகுமுன் உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது, அது வெறும் ‘நீலம்’ என்ற ஒரு சொல்லாக இருந்தாலும்.

தீவுகளுக்குத் திரும்பலாம். வெளியே இருந்து வருபவர்கள் தலைப்பு வைப்பது இந்தக் கடலுக்குப் பழைய அனுபவம். ஒல்லாந்தர் வந்து தங்கள் ஊர்ப்பெயர்களை வரிசையாக ஒட்டிவிட்டுப் போனார்கள்: வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைநகர் அம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். டெல்ஃப்ட் ஒன்றுதான் ஆங்கிலத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹமன்ஹீல். பன்றித்தொடையின் குதி என்று அர்த்தம். இலங்கையின் வரைபடம் அவர்களுக்கு உப்பிட்ட பன்றித்தொடை மாதிரித் தெரிந்திருக்கிறது. பசியோடு பார்த்தால் தேசமும் சாப்பாடாகத்தான் தெரியும்.

இன்றைக்கு நெடுந்தீவில் இறங்குபவரை எதிர்கொள்ளும் பட்டியல் வேறு: முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள், கோட்டையின் மிச்சம், பழைய புறாக்கூடு, உள்ளே ஆள் நுழைந்து நிற்கக்கூடிய பெருக்கமரம், வளரும் கல், கட்டாக்காலிக் குதிரைகள். ஆட்டோக்காரர்கள் இவற்றை வரிசையாக ஒப்புவிப்பார்கள். வேலியை எடுத்துக்கொண்டால், சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக ஏற்றிய அதன் இடுக்குகள் வழியாகச் சாயந்தர வெயில் ஊசி ஊசியாக விழும். ‘ஒளி’ என்றோ ‘வடிவம்’ என்றோ தலைப்பு வந்தால் அதைவிடச் சுலபமான விருந்து கிடையாது. வளரும் கல்தான் கமராவுக்குக் கைகொடுக்காது. அது வளர்கிறது என்று ஊர் நம்பி, பக்தியோடு வைத்திருக்கிறது. வளர்ச்சியைக் காட்ட நூற்றில் ஒரு வினாடிக்குத் திறந்து மூடும் பெட்டியால் முடியாது. படத்தில் அது எப்போதும் வெறும் கல்.

குதிரைகள் கதை கொஞ்சம் கசப்பு. காற்றில் பிடரி பறக்க, பின்னால் அந்திச் சூரியன் விழ, ‘சுதந்திரம்’ என்ற தலைப்புக்கு நெடுந்தீவுக் குதிரையை எடுத்த படங்கள் ஏராளம். ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வாரிசுகள் இவை. வறட்சி கடுமையான வருடங்களில், குடிக்கத் தண்ணீரில்லாமல் இதே குதிரைகள் செத்து விழுகின்றன. மனிதருக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடான தீவு அது. விலா எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் குதிரையும் அந்தி வெளிச்சத்தில் அழகான நிழலுருவாகத்தான் தெரியும். நிழலுருவத்தில் விலா தெரியாது. படம் பொய் சொல்லவில்லை. தலைப்புக் கேட்டதை மட்டும் சொல்லியது.

இன்னும் கடினமானது குமுதினி. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய பயணிகள் படகு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்தபோது நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். செய்தது கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு மே 15இலும் நெடுந்தீவில் விளக்கேற்றுகிறார்கள். அந்தப் படகு அதோடு ஓய்ந்துவிடவில்லை. திருத்தப்பட்டுப் பல வருடங்கள் அதே கடலில் அதே ஊர்ச்சனத்தை ஏற்றி இறக்கியது. ‘பயணம்’, ‘மரம்’, ‘பழமை’ என்று எந்தத் தலைப்புக்கும் அதன் பலகைகள் கச்சிதமாகப் பொருந்தும். தெரியாமல் எடுத்தவருக்கு அது ஓர் அழகான பழைய படகு. தெரிந்தவருக்குக் கை ஒரு கணம் நிற்கும். நின்றபிறகும் எடுக்கலாம், எடுக்காமல் விடலாம். அந்த ஒரு கணத்தைத்தான் தலைப்பு கொடுப்பதில்லை.

புங்குடுதீவுக் கதவுகளும் இந்த வகைதான். 1990களின் தொடக்கத்தில் சனம் கூட்டம் கூட்டமாகத் தீவுகளை விட்டு வெளியேறியது, பலர் திரும்பவேயில்லை. கூரை இறங்கி, முற்றத்தில் வடலி முளைத்து, வாசல் நிலை மட்டும் நிமிர்ந்து நிற்கும் கல்வீடுகள் இன்றும் வழிநெடுக உண்டு. ‘கதவு’ என்ற தலைப்புக்கு வந்தவருக்கு அது தாமிரக் குமிழ் வைத்த அருமையான வேலைப்பாடு. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற ஒருவருக்கு அந்தப் படம் தற்செயலாகக் கண்ணில் பட்டால், அது அப்பு சாய்மனைக் கதிரை போட்டுப் படுத்திருந்த விறாந்தை.

காண்கிற பொருளின் முன்கதையையும் சேர்த்துக் காட்டும் கருவி ஒன்று இருந்தால்? தமிழ்க் காப்பியத்தில் இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், மணிமேகலா தெய்வம் நாயகியைத் தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவம் என்ற தீவில் வைக்கிறது. அங்கேயுள்ள புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குத் தன் முற்பிறப்பு தெரிந்துவிடுகிறது. அந்த ஆசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் சண்டையிட, புத்தர் வந்து தீர்த்துவைத்தார் என்று காப்பியம் சொல்கிறது. மகாவம்சமும் மகோதரன், சூளோதரன் என்ற இரு நாக அரசர்களின் பெயரோடு இதே கதையைச் சொல்லி, இடம் நாகதீபம் என்கிறது. மணிபல்லவம் நயினாதீவுதான் என்று ஆய்வாளர் சிலர் சொல்வதை நயினாதீவார் மனமுவந்து ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் சோறு போடும் மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலைக்குக் கோமுகிப் பொய்கையில் கிடைத்த பாத்திரத்தின் பெயர் அது.

பீடிகையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது மணிமேகலைக்கு வேறு யாருடைய பிறப்பையும் காட்டவில்லை, அவளுடையதையே காட்டுகிறது. பார்க்கப் போனவள் பார்க்கப்படுகிறாள். யாழ்ப்பாணத்துச் சைவ சித்தாந்த வகுப்புகளில் இதற்கு இன்னும் கறாரான விளக்கம் உண்டு. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். பதினொன்றாவது, பார்வையைப் பற்றியது. கண் தானாகக் காணாது. உயிர் கூடவே நின்று கண்ட பிறகே அதற்குக் காட்சி. உயிரும் தானாகக் காணாது. இறைவன் அதனோடு கலந்து நின்று, தானும் கண்டு, அதற்கும் காட்டுகிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இதைப் பிரித்துச் சொல்வார்கள். ‘நான் எடுத்த படம்’ என்ற நான்கு அங்குலப் பெருமைக்கு இங்கே இடம் ரொம்பக் குறைவு.

இதே சித்தாந்தம் உயிருக்கு இன்னொரு குணமும் சொல்கிறது: சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கின் பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் பளிங்கு சிவக்கும், நீலப் பூவை வைத்தால் நீலமாகும். எதைச் சார்கிறதோ அதன் நிறமே உயிருக்கு. வாரத் தலைப்பு எடுத்தவர்கள் இதைத் தத்துவமாகப் படிக்க வேண்டியதில்லை. ‘நீலம்’ எடுத்த வாரத்தில் கனவும் நீலமாக வருகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சித்தாந்தி சிரிக்கமாட்டார், உயிர் அப்படித்தான், அதனால் எதைச் சார்வது என்பதில் கவனம் வேண்டும் என்பார். ஒளிப்படக்காரருக்கு அந்தக் கவனம் இன்னும் ஒரு படி கீழே, மண்ணில் இருக்கிறது: நீலத்தைச் சாராமல், நீலமாக இருக்கிற இந்த வள்ளத்தைச் சார்வது.

நயினாதீவு வள்ளத்துக்கு இரண்டு இறங்குதுறை. ஒன்று அம்மன் கோயிலுக்கு, மற்றது நாகவிகாரைக்கு. தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகர் பலர் இரண்டிலும் கும்பிட்டுவிட்டே போகிறார்கள். அம்மன் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். 1788இல் அது மறுபடி கட்டப்பட்டது. பூக்கொண்டு வந்த நாகத்தையும் அதை மறித்த கருடனையும் நினைவூட்டும் இரண்டு கற்களைக் கடலுக்குள் காட்டுவார்கள். கோயிலுக்குள் மேற்சட்டை கழற்றிய ஆண்கள், ஈரத் தலையோடு பெண்கள், இறைஞ்சும் குரல்கள், கற்பூரப் புகை. ஒளிப்படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கமராவைத் தூக்கினால், “உள்ளுக்கை படம் எடுக்கேலாது தம்பி” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். விகாரையில் வேறு வகைக் கண்டிப்பு: புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படத்துக்கு நிற்பது அவமதிப்பு. 2012 ஆகஸ்டில், புத்தர் சிலையை முத்தமிடுவதுபோலப் படம் எடுத்த பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் மூவருக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. அவர்களைக் காட்டிக்கொடுத்தது படம் கழுவக் கொடுத்த கடை.

இந்தத் தடையை வெறும் ஆசாரம் என்று தள்ளுவது அவசரம். கோயிலுக்குப் போவதைத் தமிழில் ‘சாமி பார்க்க’ என்றும் சொல்கிறோம், ‘தரிசனம் கிடைத்தது’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் எழுவாய் நாம்; இரண்டாவதில் நாம் வாங்கிக்கொள்பவர். திருவுருவம் செய்து முடித்தாலும் ஸ்தபதி கண் திறக்கும் வரை அது கல்தான். சிங்களச் சிற்ப மரபில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சடங்கைக் குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த முதற்பார்வையை நேரே எதிர்கொள்ள எவராலும் ஆகாது. ஆகவே கைவினைஞர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கண்ணை எழுதுகிறார். உள்ளே கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். கமராவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பவருக்கு இது வேடிக்கையான ஒற்றுமையாகப்படலாம். ஆனால் அந்தக் கைவினைஞர் கண்ணாடியை எடுத்தது பார்வைக்குப் பயந்து. கமராக்காரர் பெரும்பாலும் எடுப்பது, தன்னை யாரும் பார்க்காமல் பார்க்க.

குறிகட்டுவானில் விட்ட நம் ஆள் இதற்குள் நயினாதீவு வந்து சேர்ந்திருப்பார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூலஸ்தானத்துக்கு எதிரே, தூணோரம் நிற்கிறார். திரை போட்டிருக்கிறது. உள்ளே ஐயர் என்னவோ செய்யும் சத்தம். பாத்திரம் உரசுவது, தண்ணீர் ஊற்றுவது. கூட்டம் நெருக்குகிறது. மணி ஒன்று தொடங்க, எல்லா மணியும் சேர, திரை விலகுகிறது. அடுக்குத் தீபம் மேலே போய்ச் சுற்றிக் கீழே வரும் நேரத்துக்குள் முன்னால் நிற்கிறவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததில், மாலைக்குள் இருந்து எதுவோ ஒரு பொன் மினுக்கம். அவ்வளவுதான். திரை மறுபடி விழுகிறது. நினைவில் எந்த நிறமும் நிற்கவில்லை.

திரும்புகிற வள்ளத்தில் பாதுகாப்பு அங்கிகளை வாங்கி மாட்டிக்கொண்டு எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் வெளியே வள்ளத்தின் விளிம்பையும் நீர்க்கோட்டையும் பார்த்துப் பார்த்துக் கமராவைத் திருப்புகிறார். தலைப்புக்கு இன்னும் ஒன்றும் சரியாக வரவில்லை, நாளை கடைசி நாள். எதிரே இருக்கிற அம்மா நெடுநேரமாக அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் கேட்டேவிடுகிறார்.

“தம்பி, எங்கள் ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்துத் தருவியளே? இவன்ரை தேப்பன் கனடாவிலை. பாத்து மூண்டு வரியமாச்சு.”

பேரன் பாதுகாப்பு அங்கியைக் கழற்ற முடியாமல் நெளிகிறான். அதன் செம்மஞ்சளும் அவன் சிவப்புச் சட்டையும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கின்றன. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்து, திருநீறு அழிந்துவிட்டதா என்று அவரிடமே கேட்டு, பேரனின் தலையை விரலால் கோதிவிட்டு, இப்போது எடுக்கலாம் என்று நிமிர்ந்து லென்ஸுக்குள் நேரே பார்க்கிறார். வள்ளம் ஒரு அலையில் ஏறி இறங்க, முதல் படம் கலங்கிப் போகிறது. “ஆடாமல் இரடா” என்று பேரனுக்கு ஓர் அதட்டல். அவர் மறுபடி எடுக்கிறார். வாட்ஸ்அப் இலக்கத்தை அம்மா ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, எஞ்சின் இரைச்சலில் இரண்டு தரம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.